பாட்டு நல்லா இருந்த இடம்

கடலில் பலகை மேல் நின்றுகொண்டு துடுப்புப் போடுகிறவனுக்குப் பாட்டு எதற்கு என்று தோப்புமுனையில் ஆரம்பத்தில் எல்லாரும்தான் கேட்டார்கள். அலைச்சத்தம் போதாதா, காற்றுச்சத்தம் போதாதா, இதில் சினிமாப் பாட்டு வேறு வேண்டிக்கிடக்கா என்றார்கள். அப்படிக் கேட்டவர்களே அடுத்த வருஷம் கன்னத்தில் அந்தப் பொட்டை ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஊர் என்றால் அப்படித்தான் இருக்கும்.

கம்பெனி அதற்கு வைத்த பெயர் அலைப்பண். ஊர் வைத்த பெயர் கன்னப்பொட்டு. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். காதுக்கு முன்னால், இரண்டு கன்ன எலும்பிலும் ஒவ்வொன்று ஒட்டிக்கொள்ள வேண்டும். பாட்டு எலும்பு வழியாக உள்ளே போய்விடும். தலைகுப்புறத் தண்ணீரில் விழுந்து எழுந்தாலும் ஒரு சொல் பிசகாது. இவ்வளவு வரைக்கும் மற்ற கம்பெனிக்காரர்களும் செய்தார்கள். அலைப்பண்ணில் மட்டும் ஒரு புதுமை இருந்தது. பக்கத்துப் பேச்சைத் தவிர, வெளியே கேட்கிற சத்தத்தைக் காதில் விழாமல் அமுக்கி, அதையே சுருதி பார்த்து, தாளம் பார்த்து, ஓடுகிற பாட்டோடு சேர்த்துவிடும்.

அந்தச் சேர்க்கையைச் செய்தவள் ஜெசிந்தா மச்சாது. தோப்புமுனைக்காரிதான். பரதவர் தெருவில் பிறந்து, தூத்துக்குடியில் படித்து, சென்னையில் ஒலிப் பொறியாளராக வேலை பார்த்தாள். ஊரில் கம்பெனி நடத்தும் துடுப்புப் பலகைப் பந்தயத்துக்காக வந்திருந்தாள். பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் இஞ்ஞாசியைப் பிடித்து உட்காரவைத்துக் கன்னத்தில் பொட்டை ஒட்டிவிட்டாள்.

"கூசுதுட்டி" என்றான் இஞ்ஞாசி.

"செத்த நேரம் பேசாம இருண்ணே. அலைச்சத்தம் கேக்கா?"

"கேக்கல. மத்தளந்தான் கேக்கு."

"அலைதான் மத்தளம். அத மத்தளமா மாத்திக் குடுக்கு. அந்தா கத்துத பாரு, கடக்காக்கா, அது?"

இஞ்ஞாசி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அவனுடைய முகம் மெல்ல மலர்ந்தது. "புல்லாங்குழலுல்லா வருது. எந்தப் பக்கம் கத்துதோ அந்தப் பக்கமே வருது. ஏட்டி, இது மந்திரமா?"

"மந்திரம் ஒண்ணுமில்ல. வெளிய வாற சத்தத்த மூணாப் பிரிச்சு வச்சிருக்கேன். மோட்டார் எரைச்சல், கம்ப்ரெசர் இந்த மாரிச் சனியனெல்லாம் வெட்டு. அலை, காத்து, பறவை, பாட்டு இதெல்லாம் சேரு. மூணாவது, விடு. பாட்ட நிறுத்திட்டு, அந்தச் சத்தத்த அப்படியே உள்ள விடும்."

"அது எதுக்கு?"

"கடலுக்குள்ள ஒருத்தனுக்கு ஆபத்துன்னு வையி. காப்பாத்துங்கன்னு கத்துனா பக்கத்துல போறவனுக்குக் கேக்க வேண்டாமா? காப்பாத்துங்க, உதவி, ஹெல்ப், பச்சாவோ, இப்படி உலகத்துப் பாஷையெல்லாம் போட்டுருக்கு."

"நல்லதுதான்" என்றான் இஞ்ஞாசி. அவனுக்கு அதில் கவனமில்லை. கடற்காகம் எப்போது மறுபடி கத்தும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் பாக்கியநாதன் வந்து, நண்டு வலை கிழிஞ்சு கெடக்கு, இங்க உக்காந்து பாட்டா கேக்க என்று வைதான். இஞ்ஞாசி பொட்டைப் பிய்த்துத் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனான்.

பாக்கியநாதனும் இஞ்ஞாசியும் ஒரே வள்ளத்தில் தொழில் செய்கிறவர்கள். பாக்கியநாதனின் பெண்சாதி ரோசாலி, ஜெசிந்தாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். கோவிலில் பாட்டுக்குழுவுக்கு அவள்தான் முன்குரல். ஊரில் இருக்கிற நாளெல்லாம் ஜெசிந்தாவுக்குச் சாப்பாடு ரோசாலி வீட்டில்தான்.

'சேர்' என்ற வகையில் பாட்டு எப்படி வந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முந்தின வருஷம் மாதா திருவிழாச் சமயத்தில் கம்பெனி இதே கரையில் சோதனை ஓட்டம் நடத்தியது. கொடியேறிய நாளிலிருந்து சப்பரம் வருகிற நாள் வரைக்கும் கோவில் கோபுரத்தில் குழாய் ஸ்பீக்கர் ஓயாது. காலையில் 'மாதாவே' என்று ஆரம்பித்தால் இரவு மணி அடிக்கிற வரைக்கும் மாதாவே, மாதாவே என்று ஒரே பாட்டு. கடலில் சோதனைக்கு இறங்கியவர்கள் எல்லாரும் புகார் சொன்னார்கள். ஏதோ ஜாஸ் கேட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் மாதா பாட்டு வந்து விழுகிறதாம். மேலாளர் முகுந்தன் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜெசிந்தாவிடம், "உங்க ஊர் தானே, நீங்களே ஏதாவது பண்ணுங்க" என்றார்.

ஜெசிந்தா ஒரே இருப்பில் செய்தாள். கோவில் பாட்டுகளை எல்லாம் பதிவுசெய்து இயந்திரத்துக்குக் கொடுத்து, மாதாவே என்ற சொல் எங்கே இழுத்து ஒலித்தாலும் அது பாட்டு, சேர்த்துவிடு என்று சொல்லிக்கொடுத்தாள். வெட்டியிருக்கலாம். ஊர்ப் பாட்டை வெட்ட அவளுக்கு மனசு வரவில்லை. அதற்கப்புறம் ஜாஸ் கேட்டவனுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு குரல் இழைந்து வந்தது. எல்லாருக்கும் அது பிடித்துப்போனது. முகுந்தன் கைகுலுக்கினார். அவளுக்கும் பெருமை தாங்கவில்லை, ரோசாலியிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் தூங்கினாள்.

ஆபத்துச் சொற்களைப் பதிவுசெய்தது சென்னையில் குளிர்பதன அறையில். நாடகக்காரர்கள் நாலு பேர் வந்து, கண்ணாடிக்குப் பின்னால் நின்று, காப்பாத்துங்க காப்பாத்துங்க என்று விதவிதமாக அலறிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள். ஜெசிந்தா வெளியே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து டிக் அடித்தாள்.

பந்தயத்தன்று காலையில் கடற்கரையே நிறைந்திருந்தது. கேமராக்காரர்களுக்குச் சத்தம் இடைஞ்சலாக இருக்கும் என்பதால் பங்குச்சாமியார் மதியம் வரைக்கும் குழாயைப் போடுவதில்லை என்று ஒத்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா மேற்பார்வைப் படகில் ஏறப் போகும்போது ரோசாலி இட்லிப் பொட்டலத்தோடு ஓடிவந்தாள்.

"ஏட்டி, ஒண்ணும் தின்னாமப் போனா பந்தயம் ஓடிருமா? இந்தா புடி."

"ரெண்டு பேரையும் எங்க காணும்?"

"விடியமுன்ன நண்டு வலை எடுக்கப் போனாவ. பந்தயம் தொடங்கமுன்ன வந்துருவோம்னாவ. எங்க வந்தாவ? பாருக்கு அங்குட்டு நின்னு வேடிக்க பாத்துக்கிட்டுருப்பாவளா இருக்கும். கண்டா ரெண்டு வார்த்த ஏசி அனுப்பி விடு."

பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு. தோப்புமுனைக்கு நேர் கிழக்கே ஒன்று கிடக்கிறது. பந்தயப் பாதைக்கு நட்டிருந்த மூன்று மிதவைகளில் இரண்டாவது அதற்குச் சற்று மேற்கே மிதந்தது. மீன்பிடி வள்ளங்கள் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று முன்னமே தண்டோரா போட்டிருந்தார்கள்.

கொடி அசைந்ததும் எட்டுப் பலகைகளும் கிளம்பின, கூடவே மூன்று மீட்புப் படகுகளும். மேற்பார்வைப் படகை லூக்காஸ் ஓட்டினார். ஊரில் பெரிய வலைக்காரர். அவர் கன்னத்திலும் பொட்டு, முகுந்தன் கன்னத்திலும் பொட்டு, ஜெசிந்தா கன்னத்திலும் பொட்டு. பந்தயக் கட்டளைகள் எல்லாம் அது வழியாகத்தான் போகும், வரும். கட்டளை இல்லாத நேரத்தில் எல்லாருக்கும் ஒரே பாட்டு ஓடும். போட்டியாளர்களின் துடுப்பு வேகத்துக்குத் தக்கபடி கம்பெனியே அமைத்த பாட்டு. வெயில் ஏறாத நேரம், நீரோட்டம் வடக்கே, காற்று தெற்கிலிருந்து. கடல் கொஞ்சம் தூக்கிப் போட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒரு அலைப்பள்ளத்தில் இறங்கினால் பக்கத்தில் என்ன கிடக்கிறது என்று தெரியாது.

முன்னால் போனவள் தாரிணி. கோயம்புத்தூர்ப் பெண், போன வருஷம் இரண்டாவது வந்தவள். அவள் இரண்டாவது மிதவையைச் சுற்றும்போது மேற்பார்வைப் படகு வெகு பின்னால் வந்தது. அப்போதுதான் ஜெசிந்தாவின் கன்ன எலும்புக்குள் பாட்டு ஒரு படி மேலே போனது. இடப்பக்கமிருந்து நீளமாக ஒரு குரல் இழை வந்து தாளத்தின் மேல் படுத்து, அப்படியே கரைந்தது. இவ்வளவு அழகாக அது எந்தச் சோதனையிலும் வந்ததில்லை.

"கேட்டீங்களா சார்?" என்றாள்.

முகுந்தன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். "இதை அப்படியே விளம்பரத்துக்கு எடுத்துக்கலாம்."

இன்னும் சில தடவை வந்தது. அப்புறம் வரவில்லை. ஜெசிந்தா இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். கன்னத்தில் வேர்வை வழிந்து பொட்டு வழுக்கியது. இரண்டையும் எடுத்து முந்தானையில் துடைத்தாள். அப்போது வெறுங்காதில் விழுந்தது.

மாதாவேய்.

காற்றில் சிதறி, எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாதபடி ஒரே ஒரு தடவை கேட்டது. கோவில் குழாய்தான் என்று முதலில் நினைத்தாள். பொட்டைத் திரும்ப ஒட்டுவதற்குக் கையும் போய்விட்டது.

"லூக்காஸ் அண்ணே, குழாய் போட்டுட்டாவளா?"

பின்னால் மோட்டார்ப் பக்கம் நின்ற லூக்காஸுக்குக் காதில் விழவில்லை. அவர் தோளைத் தொட்டு, கன்னத்திலிருந்து பொட்டை அவளே பிய்த்தாள். மறுபடி கேட்டாள்.

"குழாயா? சாமியார் மத்தியானம் வரைக்கும் போடமாட்டேன்னு சொன்னாவல்லா தங்கச்சி."

கையில் இருந்த இட்லி தண்ணீரில் விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

தோப்புமுனையில் பிறந்த எவனும் கடலில் காப்பாத்துங்க என்று கத்தியதில்லை. அதெல்லாம் சினிமாவில் கத்துகிறது. நடை பழகும் பிள்ளை வாசலில் தடுக்கி விழுந்தாலும் மாதாவே, வள்ளத்துக்காரன் பெரிய அலையைக் கண்டாலும் மாதாவே, பாம்பைக் கண்டாலும் மாதாவே. வேறு சொல் அந்த வாயில் வராது. ஜெசிந்தாவே சின்ன வயசில் அலைக்குள் மாட்டிக்கொண்டபோது அதைத்தான் கத்தியிருக்கிறாள். சென்னைக் குளிர் அறையில் உட்கார்ந்து டிக் அடித்தபோது மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

"சார், பாட்ட நிறுத்தணும். பந்தயத்த நிறுத்தணும்."

"என்னாச்சு?"

"யாரோ கூப்பிடுறாங்க. நாம கேட்டது பாட்டு இல்ல."

"ஜெசிந்தா, லைவ் போயிட்டிருக்கு. ஒரு நிமிஷம், கரையில கேட்டு உறுதி பண்ணிட்டு..."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கட்டுப்பாட்டுப் பலகையில் பாட்டை முழுசாக அணைத்து, பேச்சைப் படகு ஸ்பீக்கருக்கு மாற்றினாள். எட்டுப் பலகைகளிலும், மூன்று மீட்புப் படகுகளிலும் ஒரே நேரத்தில் பாட்டு நின்றது. அவரவர் இருந்த இடத்தில் திகைத்து நின்றார்கள்.

"எல்லாரும் துடுப்ப நிறுத்துங்க. பந்தயம் நின்னாச்சு. யாராவது கூப்பிடுறது கேக்குதா பாருங்க."

லூக்காஸ் மோட்டாரை அணைத்தார். கடலில் அலைச்சத்தம் மட்டும் இருந்தது. கேட்கவில்லை, கேட்கவில்லை என்று ஒவ்வொருவராகப் பதில் வந்தது. ஜெசிந்தா படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "இஞ்ஞாசிண்ணே" என்று கத்தினாள். லூக்காஸும் கத்தினார். பதில் இல்லை.

"கத்திக் கத்தி ஓஞ்சிருப்பான்" என்றார் லூக்காஸ். "இந்தக் கடல்ல எங்கன்னு தேட? திசை தெரியணும்லா."

ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் அது தோன்றியது. கடற்காகம் எந்தப் பக்கம் கத்துகிறதோ அந்தப் பக்கமே குழல் வரும் என்று அண்ணன் சொன்னானே. அவள்தான் அப்படிச் செய்திருந்தாள். சேர்த்த சத்தம் எதுவானாலும் பக்கம் மாறாது. குரல் இல்லாமல் போனாலும், கேட்டவர்கள் எட்டுப் பேர் எட்டு இடத்தில் நிற்கிறார்கள்.

"நான் கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றாள். "பாட்டு எந்த இடத்துல ரொம்ப நல்லா இருந்துச்சு?"

தாரிணிதான் முதலில் சொன்னாள். "ரெண்டாவது மிதவையச் சுத்தும்போது மேடம். ஒரு குரல் மாதிரி வந்துச்சு. சூப்பரா இருந்துச்சு."

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம். ரொம்பக் கிட்ட. ரெண்டு குரல் மேடம். ஒண்ணு மேல, ஒண்ணு கீழ."

"ஆம்பளக் குரலா?"

"ஆமா." தாரிணியின் பேச்சு அங்கே தடுமாறியது. "மேடம், அது..."

"மத்தவங்க சொல்லுங்க. சீக்கிரம்."

இரண்டாவதாகப் போனவன் மிதவையைத் தாண்டி, கரையைப் பார்த்துத் திரும்பிய பிறகு முதுகுப் பக்கம் கேட்டதாகச் சொன்னான். அவனுக்கும் இரண்டு குரல். நாலாவதாகப் போனவளுக்கு மிதவைக்கு முன்னாலேயே, நேர் எதிரில். ஒரு குரல்தான். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஒரு குரல் என்றுதான் சொன்னார்கள்.

ஜெசிந்தா லூக்காஸைப் பார்த்தாள். அவருக்கும் புரிந்திருந்தது. இரண்டு குரலில் ஒன்று நடுவிலேயே நின்றுபோயிருக்கிறது.

"அப்பம் பாருக்கு மேல வள்ளம் கவுந்துருக்கு" என்றார் லூக்காஸ். "இந்நேரம் வடக்க இழுத்துருக்கும். புடிச்சிக்க." மோட்டாரைத் தட்டினார்.

இஞ்ஞாசி ஒரு மஞ்சள் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்தான். முதலில் கேன்தான் தெரிந்தது, பிறகு தலை. வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. தாரிணி பலகையை எக்கித் தள்ளிக்கொண்டு அவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்து அவன் கையைப் பிடித்தாள். படகில் தூக்கிப் போட்டதும் அவன் கையை விரிக்க மாட்டேன் என்றான். விரலுக்குள் ஒரு சட்டைத் துண்டு இருந்தது. பாக்கியநாதனுடைய சட்டை.

ஜெசிந்தா அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "அண்ணே. அண்ணே, நாந்தான்."

"வள்ளம் கவுந்த ஒடன அவனுக்கு மண்டையில அடி" என்றான். காற்றாகத்தான் பேச்சு வந்தது. "வள்ளம் எங்கயோ இழுத்துட்டுப் போயிட்டு. அவன ஒரு கையில புடிச்சிருந்தேன். கத்துலே கத்துலேன்னேன், அவனுங் கத்துனான். பலகைக்காரவிய கிட்டக்கூடிப் போனாவ ஜெசி. இந்தா, இந்தத் தூரம்." கையைக் காட்டினான். "ஒருத்தரும் திரும்பல. நாங் கத்தக் கத்த அந்தப் பிள்ள தலைய ஆட்டிக்கிட்டே போச்சு."

தாரிணி பலகையில் மண்டிபோட்டுப் படகின் விளிம்பைப் பிடித்திருந்தாள். அந்தப் பிள்ளை யார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் தன் கன்னத்துப் பொட்டுகளைப் பிய்த்துக் கடலில் எறிந்தாள். முகுந்தன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாக்கியநாதன் மறுநாள் வடக்கே அடுத்த ஊர்க் கரையில் ஒதுங்கினான்.

அடக்கம் முடிந்த பிறகு ஜெசிந்தா ரோசாலி வீட்டுக்குப் போனாள். போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனாள். ரோசாலி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஒம் மிசினு அவிய கத்துனதக் கேட்டுச்சா, கேக்கலையா? அத மட்டும் சொல்லு" என்றாள்.

"கேட்டுச்சு."

"அப்பம் ஏன் ஒருத்தரும் போகல?"

"பாட்டுன்னு நெனச்சிட்டு. நாந்தான் அப்படிச் சொல்லிக் குடுத்தேன். கோயில் பாட்டுக்காவச் செஞ்சது, ரோசாலி. ஒங்கிட்டகூட வந்து சொன்னேன்லா."

ரோசாலி அவளைப் பார்த்தாள். அழவில்லை, ஏசவில்லை. "போயிட்டு வா" என்றாள். ஜெசிந்தாவுக்கு அவள் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெருவில் வந்து நின்று வாய்விட்டு அழுதாள்.

முகுந்தன் கெட்டவரில்லை. கரையில் நின்று ஊர்க்காரர்கள் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த வாரமே, அந்தச் சொல்லை ஆபத்துச் சொல்லாக மாற்றச் சொன்னார். ஜெசிந்தா மாற்றினாள். வேலை என்று பார்த்தால் ஒரு பெயரை ஒரு வரிசையிலிருந்து எடுத்து இன்னொரு வரிசையில் போடுகிற வேலைதான். உலகத்தில் எந்தக் கடலில் எவன் கன்னப்பொட்டு ஒட்டியிருந்தாலும், மாதாவே என்று ஒரு குரல் வந்தால் பாட்டு நின்று குரல் உள்ளே வரும், எந்தப் பக்கமிருந்து என்றும் காட்டும்.

மாற்றிய அன்றைக்குச் சாயங்காலமே கோவில் குழாயில் ஜெபமாலைப் பாட்டுப் போட்டார்கள். கடலில் இருந்த பலகைகள் அத்தனையும் கரையைப் பார்த்துப் பதறிக்கொண்டு வந்தன. மீட்புப் படகு கிளம்பிவிட்டது. மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாள் பலகைக்காரர்கள் வரவில்லை, கோவில்தானே என்று இருந்துவிட்டார்கள். அதைக் கண்டு லூக்காஸ்தான் முதலில் பயந்தார். ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று பேசினார்.

"இப்படியே போச்சுன்னா நாளைக்கு நெசமா ஒருத்தன் கத்தையில கோயில் பாட்டுன்னு இருந்துருவானுவ. அந்த மிசினாவது தேவலாம், மனுசன் பழகிட்டான்னா திரும்பிப் பாக்கமாட்டான்."

பங்குச்சாமியார் ஜெசிந்தாவைக் கேட்டார். "பாட்டு எது, அலறல் எதுன்னு அதுக்குப் பிரிச்சுச் சொல்லித்தர முடியாதாம்மா?"

"முடியல சாமி. நம்ம ஆளுக இழுத்துக் கத்துறதும் பாட்டு மாரித்தான் இருக்கு. நானே பாட்டுன்னுதான் கேட்டேன்."

வெகுநேரம் பேசிக் கடைசியில் ஊரே ஒரு முடிவுக்கு வந்தது. அந்தச் சொல் இனி கடலுக்கு மட்டும். குழாயில் அது வரக்கூடாது. கோவிலும் கடலோரம், கதவுகள் எல்லாம் கடலைப் பார்த்துத் திறந்திருப்பவை. அதனால் பூசையில் பாடும்போதும் அந்தச் சொல் வருகிற இடத்தில் வாயை மூடி இசையை மட்டும் முனகிவிட்டு, அடுத்த சொல்லுக்குப் போய்விட வேண்டும். கிழவிகள் முணுமுணுத்தார்கள். ஆனால் யார் வீட்டில்தான் கடலுக்குப் போகிற ஆண்பிள்ளை இல்லை? தடுக்கி விழுந்த பிள்ளை மாதாவே என்றால் தாய்மார் வாயைப் பொத்தினார்கள். அதெல்லாம் இருக்கட்டும் என்று ஊர் பழகத் தொடங்கியது.

பாக்கியநாதனுக்கு முப்பதாம் நாள் பூசைக்கு ஜெசிந்தா சென்னையிலிருந்து வந்தாள். கோவில் நிறைந்திருந்ததால் கடைசி வரிசையில், இஞ்ஞாசிக்குப் பக்கத்தில் நின்றாள். அவன் குரல் இன்னும் சரியாகத் திரும்பவில்லை. திறந்த கதவு வழியாகக் கடல் தெரிந்தது. இரண்டு பலகைகள் சற்றுத் தூரத்தில் மெல்லப் போய்க்கொண்டிருந்தன.

நன்மை என்கிற நற்கருணை வாங்கும்போது பாட்டுக்குழு மாதா பாட்டைத் தொடங்கியது. முன்குரல் இடத்தில் ரோசாலியே வெள்ளைச் சேலையோடு வந்து நின்றாள். வேண்டாம் என்று சொன்னவர்களை அவள் கேட்கவில்லை. பாட்டு அந்தச் சொல்லுக்கு வந்தது. கோவில் முழுக்க வாயை மூடிக்கொண்டு முனகியது. அலைச்சத்தம் உள்ளே வந்து போனது. அடுத்த அடி, மறுபடி அந்த இடம், மறுபடி முனகல். ஜெசிந்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது தடவை ரோசாலி வாயை மூடவில்லை.

"மாதாவே" என்று முழுத்தொண்டையில், அடிவயிற்றிலிருந்து இழுத்துப் பாடினாள். ஆர்மோனியக்காரர் கை நின்றுவிட்டது. பாட்டு நின்றுவிட்டது. அவள் மட்டும் விடவில்லை. மூச்சு எடுத்து மறுபடி பாடினாள், மறுபடியும் பாடினாள். சாமியார் பீடத்திலிருந்து அவளைப் பார்த்தார், தடுக்கவில்லை. இஞ்ஞாசி முகத்தைப் பொத்திக்கொண்டான்.

வெளியே மணலில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. ஒரு வெளியூர்ப் பையனும் ஒரு பெண்ணும் உடம்பெல்லாம் தண்ணீர் சொட்ட, கையில் துடுப்போடு கோவில் வாசலில் வந்து நின்றார்கள். கன்னத்தில் பொட்டு. மூச்சு வாங்கியது. யாருக்கு என்ன ஆச்சு, எங்கே என்று அந்தப் பையன் இந்தியில் கேட்டான்.

ரோசாலி பாட்டுக்குழுவிலிருந்து இறங்கி, சனங்கள் விலகி விட்ட வழியில் நடந்து வந்து அவன் முன்னால் நின்றாள். அவன் கன்னத்திலிருந்த பொட்டைப் பார்த்தாள்.

"இப்பம் கேக்குதா?" என்றாள்.

அவனுக்குத் தமிழ் தெரியாது. யாராவது சொல்லுங்களேன் என்பதுபோல் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசி வரிசையில் நின்ற ஜெசிந்தாவைப் பார்த்தான். ரோசாலியும் திரும்பி அவளைத்தான் பார்த்தாள்.

"கேக்குது ரோசாலி" என்றாள் ஜெசிந்தா.